நாற்பது படுக்கைகள்

ஜனவரி 6

நகைக்கடையில் கொடுத்த டைரி. முதல் ஐந்து பக்கங்கள் காலியாகவே போய்விட்டன. அந்த நாட்களில் நான் மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தேன். தாமோதரன் சாருக்குப் பக்கவாதம். வலது கை எழவில்லை, பேச்சு குழறுகிறது. கண் விழித்து என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "பசங்க?" என்றுதான்.

சார் முப்பது ஆண்டுகள் நன்னடத்தை அலுவலராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் இங்கே சேலத்தில் 'கைப்பிடி' அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏதாவது வழக்கில் சிக்கிய பதினெட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு வக்கீல் வைப்பது, ஜாமீன் வாங்குவது, வீட்டாரிடம் பேசுவது, திரும்பப் பள்ளியிலோ ஒரு தொழிலிலோ சேர்ப்பது. எங்கள் வேலை இவ்வளவுதான். வக்கீல் தில்லைக்கரசி, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகும் சாதிக், ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் மிச்சம் எல்லாவற்றையும் பார்க்கும் நான். மேலே ஐந்து அறங்காவலர்கள். அவர்களில் பொருளாளரான ஜவுளிக்கடை குப்புராஜ் அண்ணன் இன்று ஃபோன் செய்து, சார் எழுந்து வரும்வரை முழுப் பொறுப்பும் என்னுடையது என்றார். சரி என்றேன்.

இதையெல்லாம் யாருக்காக விளக்கி எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பொறுப்பு கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை எனக்கே சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறது.

அலுவலகத்தில் டீத்தூள் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 9

மும்பையிலிருந்து மெயில். மிகவும் மரியாதையான மெயில். மூன்று ஆண்டுகளாக எங்கள் செலவில் முக்கால் பங்கைக் கொடுத்துவந்த அறநிறுவனம், மார்ச் 31க்குப் பிறகு தொடர இயலாது என்கிறது. அவர்களுடைய புதிய கொள்கைப்படி இனி நீர்நிலைப் பாதுகாப்புக்கு மட்டும்தான் நிதி. நாங்கள் செய்த பணி 'ஊக்கமளிப்பதாக' இருந்ததாம்.

மிச்சக் கால் பங்கு, வருமான வரி ரசீதுக்காகவும் சாரின் முகத்துக்காகவும் ஊரில் சிலர் தருவது. அது வாடகைக்கும் சாதிக்கின் பெட்ரோலுக்கும் சரியாகப் போகும்.

தில்லையிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "ஏரியில ஒரு பையனத் தூக்கிப் போட்டாத்தான் இனிமே நமக்குக் காசு வரும் போல" என்றாள். சிரித்தோம்.

சாரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்து இளஞ்சிறார் நீதிக் குழுமம் கூடியது. பூவரசனுக்கு ஜாமீன் கிடைத்தது. (அவன் பெயர் அதுவல்ல. இந்தப் பிள்ளைகளின் உண்மைப் பெயரை வெளியில் எழுதக் கூடாது என்பது சட்டம். என் டைரி வெளியா உள்ளா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுத மாட்டேன்.)

பதினாறு வயது. பெரிய பையன்கள் இருவர் கடையிலிருந்து செல்ஃபோன்களைத் திருடி வர, இவன் தெருமுனையில் பைக்கோடு நின்றிருக்கிறான். அம்மா இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூரில் இருக்கிறார். மார்ச் கடைசியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

நடுவர் உத்தரவை எழுதிவிட்டு நிமிர்ந்து, "யார் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு மூன்று முறை தகவல் சொல்லியிருந்தோம். யாரும் வரவில்லை. வாசலில் இரைச்சல் கேட்கும்போதெல்லாம் பூவரசன் திரும்பிப் பார்த்தான். கடைசியில் ஜாமீன் கிடைத்த பையனை மறுபடியும் கூர்நோக்கு இல்லத்துக்கே அனுப்பினார்கள். குற்றத்துக்காக அல்ல, ஒப்படைக்க ஆள் இல்லை என்பதற்காக.

வேனில் ஏறும்போது அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். இங்கிருந்து பரீட்சைக்குப் போனால் போலீஸ் கூட வருவாங்களா அக்கா? வருவார்கள். மஃப்டியில்தான் வருவார்கள் என்றேன். மஃப்டியில் வந்தாலும் எல்லாருக்கும் தெரியும் என்றான்.

ஜனவரி 24

திருப்பூர் போய் வந்தேன். பூவரசனின் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி டீக்கடைக்கு வரவழைத்தார். மெலிந்த மனிதர். கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது மனைவிக்கு இப்படி ஒரு மகன் இருப்பது தெரியும், வழக்கு தெரியாது. ஒரே அறை உள்ள லைன் வீடு. மூன்று வயதுப் பெண் குழந்தை.

"அங்கயே இருக்கட்டும்ங்க. மூணு வேளை சோறாச்சும் கெடைக்குது. இங்க வந்தா அவனுக்கும் நிம்மதி இல்ல, எனக்கும் இல்ல" என்றார்.

பஸ் ஏற்ற வந்தவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே இரண்டு பனியன். "நான் குடுத்ததுன்னு சொல்ல வேணாம்."

ஜனவரி 27

பனியனைக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. கழுத்துப் பட்டியிலிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தான். அவனும் கேட்கவில்லை.

பிப்ரவரி 5

ஓசூர்ப் பக்கம் உள்ள ஒரு பெரிய கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதிப் பிரிவிலிருந்து ப்ரியம்வதா என்பவர் வந்தார். குப்புராஜ் அண்ணன் செய்த ஏற்பாடு. முப்பது வயதிருக்கும். எங்கள் உடைந்த நாற்காலியைப் பார்த்தும் தயங்காமல் உட்கார்ந்தார். பிடித்திருந்தது.

நாங்கள் செய்வதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு கம்பெனியின் விருப்பத்தைச் சொன்னார். இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு மையம். நிலம் அவர்கள் தருவார்கள், கட்டடமும் கட்டித் தருவார்கள். நாற்பது படுக்கை. ஐந்து ஆண்டு நடத்தும் செலவும் எங்கள் சம்பளமும் அதிலேயே அடக்கம். வாசலில் கம்பெனியின் பெயர் இருக்கும்.

நாங்கள் பிள்ளைகளை வீட்டில் வைக்கத்தான் பார்க்கிறோம், தங்க வைப்பதில்லை என்றேன்.

"புரியுது மேடம். ஆனா எங்க போர்டு மீட்டிங்ல நான் எதைக் காட்டுறது? வீட்டுக்குப் போன பையன எப்படிக் காட்டுவேன்?"

இது நேர்மையான கேள்வி.

சாதிக் டீ வாங்கி வந்தான். என் டம்ளரின் அடியில் பெயிண்டால் எழுதியிருந்த பெயரைப் பார்த்து, ஆஃபீஸில் இருப்பதே மூன்று பேர், இதுக்குமா பெயர் எழுதுவீர்கள் என்று ப்ரியம்வதா சிரித்தார். பழக்கம் என்றேன்.

பிப்ரவரி 8

சாரிடம் எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டார். மும்பை விஷயத்தைக் கேட்டு முகம் மாறவில்லை. கட்டடம் என்றதும் அழுதுவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு சீக்கிரம் அழுகை வருகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் இது அதனால் அல்ல.

வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பையனை விடுதலை செய்து அனுப்பினாராம். வீட்டில் சேர்க்கவில்லை. பையன் பழைய பேருந்து நிலையத்தில் படுத்திருக்கிறான். மறுவாரமே வேறு வழக்கில் திரும்பி வந்தான். வந்தவன், "நீங்க ஏன் சார் என்ன வெளிய விட்டீங்க?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து ஒரு கட்டடம் வேண்டும் என்பது சாரின் நினைப்பு.

"பூவரசனுக்கு... நீ என்ன... பதில் சொல்லுவ, எஸ்தர்?"

சாரின் மனைவி வசந்தா அம்மா அடை வார்த்துக் கொடுத்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "மெதுவாச் சாப்புடு எஸ்தரு. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றார். எப்போதும் இதைத்தான் சொல்வார்.

பிப்ரவரி 12

சாதிக்கும் தில்லையும் நானும் உட்கார்ந்து, போன ஆண்டு எங்களிடம் வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தோம். இவன் மாமா வீட்டில் இருக்கிறான், இவனை அக்கா வைத்திருக்கிறாள், இவனுடைய அப்பா குடியை விட்டுவிட்டார், இவனுடைய அப்பா விடவில்லை, ஆனாலும் அம்மா இருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் எத்தனை நடை நடந்தோம் என்று பேசிப் பேசி மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று. கடைசியில் பார்த்தால், உண்மையிலேயே போக்கிடம் இல்லாதவர்கள் நான்கு பேர். நாற்பத்துச் சொச்சம் பேரில் நான்கு பேர்.

"நாலு பேருக்கு எதுக்குக்கா நாற்பது கட்டில்?" என்றான் சாதிக்.

"கட்டில் போட்டா ஆள் வரும். நாம நடக்குறத நிறுத்திருவோம். மாமன் வீட்டுக்கு நாலு தடவை போற எடத்துல ஒரு தடவை போய்ட்டு, சரி மையத்துல விட்ருலாம்னு தோணும். வருஷக் கடைசியில கம்பெனிக்காரன் எத்தன கட்டில் நெறஞ்சுதுன்னுதான் கேப்பான்" என்றாள் தில்லை.

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். அவள் சொன்னபோது இன்னும் தெளிவாக இருந்தது.

பிப்ரவரி 20

அறங்காவலர் கூட்டம் சாரின் வீட்டிலேயே நடந்தது. எனக்கு ஓட்டு கிடையாது, பேச அனுமதி உண்டு. நான்கு பேர் கதையைச் சொன்னேன். கட்டடத்துக்குப் பதிலாக, அப்படிப்பட்ட பிள்ளைகளை ஏற்கும் குடும்பங்களைத் தேடி, அவர்களுக்குச் செலவுக்குக் கொடுக்கலாம் என்றேன். சட்டத்தில் இடம் இருக்கிறது. 'தகுதியான நபர்' என்று குழுமம் யாரை அங்கீகரிக்கிறதோ அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

குப்புராஜ் அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "எஸ்தர்மா, சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. திருட்டுக் கேஸ்ல வந்த பையன எவன் ஊட்டுல வெச்சுக்குவான்? நான் வெச்சுக்க மாட்டேன், ஒளிக்காமச் சொல்றேன்."

இன்னொருவர், கட்டடம் என்றாலே ஏன் இப்படிப் பதறுகிறீர்கள், நல்லபடியாக நடத்தினால் என்ன தப்பு என்றார். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சார் கட்டடத்தின் பக்கம். மற்றவர்கள் சாரின் பக்கம். மார்ச் முதல் வாரத்தில் சார் கையெழுத்துப் போட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று. வெளியே வரும்போது சார் என் கையைப் பிடித்து, "கோவமா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிப்ரவரி 21

நான் வளர்ந்த விடுதியும் நல்லபடியாக நடத்தப்பட்டதுதான். யாரும் அடிக்கவில்லை. சோறு இருந்தது. மணி அடித்தால் எழுவோம், மணி அடித்தால் சாப்பிடுவோம். தட்டின் பின்னால் ஆணியால் குத்திய எண், 57. தீபாவளிக்கு முந்தின நாள் யாராவது ஸ்வீட் பெட்டியோடு வருவார்கள், வரிசையில் நிற்போம், ஃபோட்டோ எடுப்பார்கள். ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வரை. கெட்ட இடம் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

இப்போதும் ஐந்து மணிக்கு முன்னால் விழிப்பு வந்துவிடுகிறது.

நாளைக் காலை கரண்ட் பில் கட்ட வேண்டும்.

பிப்ரவரி 26

பூவரசனைப் பார்த்தேன். சமூக அறிவியலில் வரைபடம் வரவில்லை என்று கவலைப்பட்டான். கொஞ்ச நேரம் வரைந்தோம். கம்பெனி கட்டப்போகும் மையத்தைப் பற்றிச் சொன்னேன். அது வரும்போது அவனுக்குப் பதினெட்டு ஆகியிருக்கும். இருந்தாலும் அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஃபேன் இருக்குமா, டி.வி. இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றேன்.

"கதவ யாருக்கா பூட்டுவாங்க?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. ராத்திரியில் கதவை யார் பூட்டுவார்கள் என்றான். நாங்கள்தான், வாட்ச்மேன் இருப்பார் என்றேன். தலையாட்டிவிட்டுக் காவிரியை வரையத் தொடங்கினான்.

மார்ச் 3

கையெழுத்து வாங்கக் காகிதங்களோடு சார் வீட்டுக்குப் போனேன். என் வேலை அது, எனக்குப் பிடிக்காவிட்டாலும். வசந்தா அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சார் இடது கையால் எழுதப் பழகிவிட்டார். பேனாவை எடுத்தவர், பையன் எப்படி இருக்கான் என்று கேட்டார். பூவரசன் கேட்டதைச் சொன்னேன். வாதாடுவதற்காகச் சொல்லவில்லை. மனதில் அதுதான் இருந்தது.

சார், "பூட்டாம... எப்படி?" என்றார்.

வசந்தா அம்மா கீரையிலிருந்து தலையை எடுக்காமல், "மாடி ரூம் காலியாத்தான கெடக்கு" என்றார்.

சாருக்கு முதலில் காதில் விழவில்லை போல. அம்மா திரும்பச் சொன்னார். மகள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதிலிருந்து அந்த அறையில் பழைய செய்தித்தாள்தான் இருக்கிறது, பையன் வந்து படிக்கட்டும், பரீட்சை வருகிறதில்லையா என்றார். ஸ்கூல் பையனைப் பார்க்காதவளா நான்?

சாருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பேச்சு இன்னும் குழறுகிறது. உனக்கு இந்தப் பசங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார் என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று.

"முப்பது வருஷமா ஒவ்வொரு பையன் கதையையும் ஊட்டுக்குக் கொண்டாந்தீங்க. சோறு போடறப்ப எல்லாம் கேட்டேன். நீங்க அழுதப்ப நானும் அழுதேன். ஒரு பையனையாவது கூட்டியாந்தீங்களா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. சார் பேனாவை மூடி வைத்தார். நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த நேரத்தில் நான் அங்கே இருந்திருக்கக் கூடாது.

மார்ச் 4

சாரிடமிருந்து ஃபோன் இல்லை.

மார்ச் 6

காலையில் சாரே பேசினார். "வசந்தா பேருல... மனு போடு. எனக்கு... ஒடம்பு சரியில்லேன்னு... தள்ளிருவாங்க."

கட்டடம்? என்று கேட்டேன்.

"கையெழுத்து... போடல."

தில்லை இன்றைக்கே மனுவைத் தட்டச்சு செய்துவிட்டாள். தட்டும்போது பாடிக்கொண்டிருந்தாள், ராகம் எதுவும் சேரவில்லை.

மார்ச் 12

ப்ரியம்வதாவை நேரில் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று ஓசூர் போனேன். கட்டடம் வேண்டாம், நான்கு குடும்பங்களுக்கும் எங்கள் மூவரின் நடைக்கும் உதவ முடியுமா என்று கேட்டேன். நாற்பது படுக்கைக்கு ஆகும் செலவில் இது சின்னத் துண்டு. அவர் வெகுநேரம் யோசித்தார். முயற்சி செய்கிறேன், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். லிஃப்ட் வரை வந்து, அவருடைய அப்பா போலீஸில் இருந்தவர் என்றும், சின்ன வயதில் ஸ்டேஷனில் பார்த்த ஒரு பையனின் முகம் இன்னும் நினைவிருக்கிறது என்றும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரலில் யாருக்கும் சம்பளம் இல்லை.

மார்ச் 19

குழுமம் கேட்டபடி நன்னடத்தை அலுவலர் சாரின் வீட்டைப் பார்வையிட்டார். மாடி அறை, குளியலறை, வருமானம், அக்கம்பக்கம். முப்பது வருடம் பிறர் வீட்டை இப்படிப் பார்வையிட்ட சார் இன்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு பரீட்சை எழுதப்போகும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாதிக் செய்தித்தாள்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு அறைக்கு வெள்ளை அடித்திருந்தான்.

அடுத்த வீட்டுக்காரர் மட்டும், என் வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள் என்றார். வசந்தா அம்மா, "இவன் வயசுல எட்டாவதுல ரெண்டு தடவை ஃபெயிலான ஒங்க பையன நான்தான் பாஸ் பண்ண வெச்சேன், ஞாபகம் இருக்கா?" என்றார். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மார்ச் 25

உத்தரவு கிடைத்தது. நடுவர், "யார் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டதும் வசந்தா அம்மா எழுந்து நின்றார். பூவரசன் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு.

வீட்டுக்குப் போனதும் வசந்தா அம்மா வாசல் சாவி ஒன்றை அவன் கையில் கொடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

மார்ச் 28

தமிழ்ப் பரீட்சை. சாரின் பழைய சைக்கிளில் தனியாகப் போனான்.

மார்ச் 31

மும்பைப் பணம் இன்றோடு முடிந்தது. ஓசூரிலிருந்தும் பதில் வந்துவிட்டது. மன்னிக்கவும், இந்த ஆண்டு இயலாது. அதே மையத்தை வேறு ஊரில் வேறு அமைப்பு நடத்தப்போகிறது. கீழே ப்ரியம்வதா தன் சொந்த முகவரியிலிருந்து ஒரு வரி: பெங்களூரில் ஒரு சின்ன அறநிறுவனம் இருக்கிறது, கட்டடத்துக்குப் பணமே தராதவர்கள், உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அலுவலகத்தைக் காலி செய்கிறோம். குப்புராஜ் அண்ணன் கடைக் குடோனுக்கு மேலே ஓர் அறை தருகிறார். சாதிக் காலையில் கொரியர் வேலைக்குப் போய்விட்டு மத்தியானத்திலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டான். தில்லை ஃபீஸ் வேண்டாம் என்கிறாள். அவளிடம் சண்டை போட்டேன், ஜெயிக்கவில்லை.

ஏப்ரல் 6

சாரும் பையனும் டி.வி. சத்தத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்களாம். வசந்தா அம்மா ஃபோனில் சொன்னார், புகார் சொல்வது போல. சந்தோஷமாக இருந்தார்.

ஏப்ரல் 16

நேற்றுக் கடைசிப் பரீட்சை. பூவரசன் வீடு திரும்பவில்லை.

ஆறு மணிக்கு வசந்தா அம்மா கூப்பிட்டார். சாதிக் பள்ளி, கூட்டாளிகள் வீடு, சினிமா தியேட்டர் எல்லாம் தேடினான். பழைய வழக்கின் பெரிய பையன்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்ற நினைப்பு எங்கள் எல்லாருக்கும் இருந்தது, யாரும் வாயால் சொல்லவில்லை. குழுமத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றாள் தில்லை. காலை வரை பொறு என்றார் சார்.

நானும் அங்கேயே இருந்தேன். சார் கதவைச் சாத்த விடவில்லை. கொசு கடிக்கக் கடிக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குப்புராஜ் அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று நான் நினைத்தேன். சாரும் அதை நினைத்திருக்கலாம்.

விடியும் நேரத்தில் வந்தான். திருப்பூர் போயிருக்கிறான். தங்கச்சியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். லைன் வீட்டுக்கு எதிரில் நின்று, குழந்தை விளையாடுவதைப் பார்த்திருக்கிறான். அப்பா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, ஹோட்டலுக்குக் கூட்டிப் போய், பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

சொல்லிவிட்டுப் போகத் தோன்றவில்லையா என்று வசந்தா அம்மா கேட்டார்.

"சொன்னா விட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டிருந்தா... நானும்... வந்திருப்பேன்" என்றார் சார்.

அப்போதுதான் அவன் அழுதான். வழக்கு போட்டபோதும் அப்பா வராதபோதும் அழாதவன்.

ஏப்ரல் 17

நடந்ததை மறைக்காமல் குழுமத்துக்குச் சாரே இடது கையால் எழுதிக் கொடுத்தார். பூவரசனை எச்சரித்தார்கள். உத்தரவு அப்படியே இருக்கிறது.

மே 2

குப்புராஜ் அண்ணன் வந்து உட்கார்ந்தார். சார் வீட்டுக்குப் போயிருந்தாராம். பையன் சாரின் வலது கையில் பந்தைக் கொடுத்து, "இன்னொரு பத்து, ஏமாத்தாதீங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தானாம். அதைப் பார்த்துவிட்டு நேராகக் கடைவீதிக்குப் போய், தெரிந்த வியாபாரிகளிடம் பேசியிருக்கிறார். ஒரு கடை, ஒரு மாதம். ஒவ்வொரு மாதமும் ஒரு கடைக்காரர் சாதிக்கின் சம்பளத்தை ஏற்றுக்கொள்வார். ஒன்பது கடைகள் சரி சொல்லிவிட்டன.

"நான் ஊட்டுல வெச்சுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். காசு தர மாட்டேன்னு சொல்லல" என்றார்.

சாதிக்கிடம் சொன்னபோது, கொரியர் வேலையை உடனே விடவா, மாதக் கடைசியில் விடவா என்று கேட்டான்.

மே 16

பாஸ். சமூக அறிவியலில்தான் அதிக மார்க். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படிப்புக்கு விண்ணப்பம் போடப் போகிறோம். வசந்தா அம்மா, பன்னிரண்டாவது வரை படிக்கட்டும் என்கிறார். சார் ஐ.டி.ஐ. என்கிறார். பூவரசனை யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்கச் சொன்னேன்.

ஜூன் 11

பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். குடோன் மாடியில், ஜவுளி மூட்டை வாசனைக்கு நடுவில், மூன்று மணி நேரம். வீட்டுக்குப் போன பிள்ளைகளை எப்படிக் கணக்குக் காட்டுவீர்கள் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்திருந்தேன். எத்தனை முறை போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள் போலிருக்கிறது. பெரிய தொகை இல்லை. மூன்று சம்பளமும் நான்கு குடும்பமும் நடக்கும். ஜூலையில் தெரியும்.

எதனால் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஒரு விடுதியில் வளர்ந்தேன் என்றேன். தில்லை சட்டென்று என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம்.

ஜூன் 19

ஒரு பெண் பிள்ளை வந்திருக்கிறாள். பதினான்கு வயது. வேலை செய்த வீட்டில் நகை காணாமல் போனதாக வழக்கு. ஜாமீன் வந்துவிடும் என்கிறாள் தில்லை. அழைத்துப்போக யாரும் இல்லை. அண்ணன் ஒருவன் இருந்தான், இருக்கும் இடம் தெரியவில்லை. சாதிக் தேடுகிறான்.

போய்ப் பார்த்தேன். அதிகம் பேசவில்லை. கொண்டுபோன பிஸ்கட்டைப் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியைத் தாவணி முனையில் முடிந்துகொண்டாள். யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 23

அண்ணன் கிடைக்கவில்லை.

தில்லையிடம் ஒரு சட்ட விவரம் கேட்டேன். கல்யாணம் ஆகாத பெண் 'தகுதியான நபர்' என்று மனுச் செய்யலாமா? செய்யலாம், வயது தடையில்லை, வருமானமும் இடமும் பார்ப்பார்கள் என்றாள். யாருக்கு என்று கேட்டாள். பொதுவாகத்தான் கேட்டேன் என்றேன்.

மாலையில் சாதிக்கிடம், அஸ்தம்பட்டிப் பக்கம் இரண்டு அறை உள்ள வீடு ஏதாவது வாடகைக்கு வந்தால் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரமாக இருந்தால் நல்லது. அவன் எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு, "இப்பவே ஒண்ணு இருக்கு, பாக்கலாமாக்கா?" என்றான்.

பின்னால் ஏறிக்கொண்டேன்.